எந்த அமிலம், எவ்வளவு, ஏன்?

(செட்டியார்பட்டியில் ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு, பள்ளி வேதியியலில் அமிலங்களைப் பாதுகாப்பாகக் கையாள்வதும் அயனிகளைக் கண்டறிவதும். கேட்டவுடன் இரண்டு தனித்தனி விஷயங்கள் என்று தோன்றும். பள்ளிகளிலும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறோம். பாதுகாப்பு என்றால் ஆய்வகச் சுவரில் ஒட்டிய ஒரு தாள். தொடாதே, முகராதே, சிந்தாதே என்று அதில் வரிசையாக இருக்கும்; ஒட்டிய நாளுக்குப் பிறகு அதை யாரும் படித்ததில்லை. அயனி கண்டறிதல் என்றால் ரெக்கார்டு நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதும் அட்டவணை. சோதனை, காண்பன, அறிவன. அதை மனப்பாடம் செய்து செய்முறைத் தேர்வில் எழுதிவிட்டு வந்தால் வேலை முடிந்தது. இந்தப் பிரிவினையே தவறு என்பதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் வாதம். அமிலத்தை ஒழுங்காகக் கையாளத் தெரிந்தவனுக்குத்தான் அயனியை ஒழுங்காகக் கண்டுபிடிக்கத் தெரியும். ஒன்றில் தடுமாறுகிறவன் மற்றொன்றிலும் தடுமாறுவான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? அமிலப் புட்டியை எடுக்கும் மாணவி தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. எந்த அமிலம்? எவ்வளவு? ஏன்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் விரல் சுடாது. இதே மூன்றுக்கும் விடை தெரிந்தால்தான் சோதனைக்குழாய் உண்மையைச் சொல்லும். விடை தெரியாத மாணவர் என்ன செய்கிறார்? உப்பின் நிறத்தைப் பார்க்கிறார். நீலமா, தாமிரம். வெளிர் ரோஜாவா, மாங்கனீசு. வெள்ளையா, பக்கத்து மேசையில் என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார். முடிவை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பொருத்தமாகச் சோதனைகளைப் பிறகு நிரப்புகிறார். அப்படி நிரப்புகிறவருக்கு அமிலம் வெறும் சடங்கு. சடங்காக ஊற்றப்படும் அமிலம்தான் ஆபத்தான அமிலம்.

பொதுவாகப் பேசினால் போதாது, சோதனைக்குழாய்க்கே வருவோம். குளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்த உப்பைச் சோடியம் கார்பனேட்டுடன் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டுகிறோம். பெரும்பாலான உலோக அயனிகள் கார்பனேட்டாக வடிதாளில் தங்கிவிடுகின்றன. எதிரயனிகள் கீழே இறங்கும் சாற்றில் இருக்கின்றன. அந்தச் சாற்றில் சில்வர் நைட்ரேட்டை விட்டால் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு வர வேண்டும், அது அம்மோனியம் ஹைட்ராக்சைடில் கரைய வேண்டும், அப்படியென்றால் குளோரைடு. ஆனால் சில்வர் நைட்ரேட்டை விடுவதற்கு முன்னால் ஓர் அமிலம் சேர்க்கச் சொல்கிறார்களே, ஏன்? சாற்றில் நாமே போட்ட கார்பனேட் மிச்சமிருக்கிறது. அதுவும் சில்வருடன் சேர்ந்து வீழ்படிவு தரும். அதை வெளியேற்றத்தான் அமிலம். சரி, எந்த அமிலம்? கைக்கு எட்டிய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் என்ன ஆகும்? உலகத்தில் உள்ள அத்தனை உப்பும் குளோரைடு ஆகிவிடும். நாம் ஊற்றிய குளோரைடையே நாம் கண்டுபிடித்துக் கொண்டாடுவோம். அதனால்தான் நீர்த்த நைட்ரிக் அமிலம். இதே காரணத்தால் சல்பேட்டுக்குப் பேரியம் குளோரைடு விடும்போது கந்தக அமிலத்தின் பக்கமே போகக் கூடாது; அங்கே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். எந்த அமிலம் என்ற கேள்விக்கு விடை தெரிந்துவிட்டது. எவ்வளவு? நுரை அடங்கும் வரை, துளித்துளியாக. அவசரப்பட்டு ஒரே ஊற்றாக ஊற்றினால் கார்பன் டை ஆக்சைடு பொங்கி, அமிலம் கலந்த நுரை குழாயின் வாயைத் தாண்டி விரல்களில் வழியும். குறைவாக ஊற்றிவிட்டு நிறுத்தினால் கார்பனேட் மிஞ்சிப் பொய்யான வீழ்படிவு வரும். பாருங்கள், விரலைக் காப்பாற்றும் நிதானமும் விடையைக் காப்பாற்றும் நிதானமும் ஒன்றாகவே இருக்கின்றன.

இன்னும் ஆழமான உதாரணம் நேரயனிகளின் இரண்டாம் தொகுதி. ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்துகிறோம். தாமிரம் இருந்தால் கறுப்பு வீழ்படிவு. துத்தநாகமும் சல்பைடு வீழ்படிவு தரக்கூடியதுதான், ஆனால் அதை நான்காம் தொகுதியில் வைத்திருக்கிறார்கள். ஒரே வாயு, ஒரே சல்பைடு. எப்படி இரண்டு தொகுதி? பிரிப்பது அமிலம்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்த கரைசலில் சல்பைடு அயனிகள் மிக மிகக் குறைவாகவே இருக்கும். தாமிர சல்பைடு அவ்வளவு அரிதாகக் கரையும் பொருள் என்பதால் அந்தக் கொஞ்சத்திலேயே வீழ்ந்துவிடும். துத்தநாகத்துக்கு அது போதாது. அமிலத்தைக் குறைத்தால் துத்தநாகமும் இரண்டாம் தொகுதியில் வந்து விழுந்து குழப்பும். அமிலத்தைக் கூட்டினால் ஈயம் வீழாமலே நழுவிப்போகும். ஆக, எவ்வளவு என்ற கேள்வி இங்கே உயிர்நாடி. அடுத்தது வாயு. 1844-இல் நெதர்லாந்தின் கிப் அமைத்த கருவியிலிருந்து பள்ளிகள் நெடுங்காலம் இந்த வாயுவை எடுத்தன. அழுகிய முட்டை நாற்றம் என்று பாடப்புத்தகம் சொல்லும். சொல்லாத செய்தி இது: காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும் இந்த வாயு, 100 பங்கு அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். 1000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் நினைவு தப்பும். நாற்றம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கும் நொடிதான் மிகப் பயங்கரமான நொடி. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழ, இருவரும் இறந்தார்கள் என்று தமிழ்நாட்டில் எத்தனை முறை செய்தி படித்திருக்கிறோம்? அங்கே கொல்லும் வாயுக்களில் முதன்மையானது இதுதான். உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013-இலேயே சட்டம் தடுத்துவிட்டது; செய்தி மட்டும் நிற்கவில்லை. இந்த வாயுவின் குணத்தை ஒரு சோதனைக்குழாய் அளவில் அறிந்த பிள்ளை, யாரையும் அந்தத் தொட்டிக்குள் இறங்க விடமாட்டாள்.

மூன்றாவதாக அடர் அமிலம். புட்டியில் இருக்கும் அடர் கந்தக அமிலம் 98 விழுக்காடு அமிலம். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 18 மோல். தண்ணீரைப் போல 1.84 மடங்கு கனம். தண்ணீரோடு சேரும்போது பெருமளவு வெப்பத்தை வெளியிடும். அமிலத்தின் மேல் தண்ணீரை விட்டால், இலேசான தண்ணீர் மேலேயே நின்று அந்த வெப்பத்தில் அங்கேயே கொதித்து, காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்தது போல அமிலத்தையும் அள்ளிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்கினால், கனமான அமிலம் கீழே இறங்கி, வெப்பம் முழுத் தண்ணீரிலும் பரவிவிடும். இந்த விதியை எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். காரணம் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? காரணம் தெரிந்தவருக்கு நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையச் சோதனை தானாகவே புரிந்துவிடும். உப்புக் கரைசலும் புதிதாகத் தயாரித்த பெர்ரஸ் சல்பேட்டும் இருக்கும் குழாயைச் சாய்த்துப் பிடித்து, சுவரோரமாக அடர் கந்தக அமிலத்தை மெல்ல வழியவிடுகிறோம். கனம் அதிகம் என்பதால் அமிலம் அடியில் போய்த் தனி அடுக்காக நிற்கிறது. இரண்டு அடுக்கும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம். குழாயைக் குலுக்கினால்? வளையமும் போகும், குழாயும் கொதிக்கும். சோதனையைக் கெடுக்கும் செயலும் கையைச் சுடும் செயலும் இங்கேயும் ஒன்றே. இன்னொன்றை இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்னதென்று தெரியாத பொடியை வெளியிலிருந்து கொண்டுவந்து, இது என்ன உப்பு என்று பார்க்கலாம் என அடர் அமிலம் விடவே கூடாது. சிவகாசியும் சாத்தூரும் பக்கத்தில் இருக்கின்றன. தீக்குச்சி மருந்திலேயே பொட்டாசியம் குளோரேட் உண்டு. குளோரேட்டின் மேல் அடர் கந்தக அமிலம் பட்டால் குளோரின் டை ஆக்சைடு உண்டாகும், அது வெடிக்கும். 1805-இல் பாரிசில் ஷான்செல் என்பவர் செய்த தீக்குச்சியே குளோரேட்டும் சர்க்கரையும் பூசிய முனையைக் கந்தக அமிலத்தில் தோய்த்துப் பற்றவைக்கும் குச்சிதான். அன்றைக்கு அது வியப்பு. ஆய்வக மேசையில் அது விபத்து.

இந்த மூன்று கேள்விகள் பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணோடு முடிந்துவிடுபவை என்று யாரும் எண்ண வேண்டாம். இந்திய வேதியியலின் புகழ்பெற்ற ஒரு கண்டுபிடிப்பே இவற்றின் மேல்தான் நிற்கிறது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராய் கலோமெல் தயாரிப்பதற்காக மெர்குரஸ் நைட்ரேட் செய்ய முனைந்தார். மிகையான பாதரசம், நீர்த்த நைட்ரிக் அமிலம், சூடேற்றவில்லை. மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. பார்த்தவுடன் அவர் மனத்தில் பட்டது, இது ஏதோ ஒரு கார உப்பாக இருக்கும் என்பது. அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இவ்வளவு அமிலம் இருக்கும் கரைசலில் கார உப்பு எப்படி உருவாகும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகே சோதனை. படிகங்களைப் பகுத்துப் பார்த்ததில் நேரயனி மெர்குரஸ் என்றும் எதிரயனி நைட்ரைட் என்றும் தெரியவந்தது. மெர்குரஸ் நைட்ரைட் பற்றிய அவருடைய கட்டுரை 1896-இல் வெளிவந்தது. அமிலம் நீர்த்ததா அடர்த்தியானதா, சூடா குளிரா என்பதை ஒரு சடங்காக எண்ணியிருந்தால் அந்த மஞ்சள் நிறம் குப்பைக்குத்தான் போயிருக்கும். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும் நம் செய்முறைத் தேர்வுப் பழக்கத்தை அவருடைய மேசையில் வைத்துப் பாருங்கள், கண்டுபிடிப்பு நிகழ்ந்திருக்குமா?

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். இவற்றை எழுப்புகிறவர்கள் அக்கறையோடுதான் எழுப்புகிறார்கள். முதல் மறுப்பு: இவ்வளவு ஆபத்து என்றால் பள்ளியில் அமிலமே எதற்கு? காணொளியில் காட்டினால் போதாதா? பிள்ளைகள் அமிலத்தைப் பள்ளியில் மட்டும்தான் சந்திக்கிறார்கள் என்றால் இந்த வாதத்தை ஏற்கலாம். கழிப்பறை கழுவ வாங்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இன்வெர்ட்டர் பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம், எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நகைப்பட்டறையில் நைட்ரிக் அமிலம். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் நெய்யும் மருத்துவத் துணியைக் காரத்தில் அவித்து வெளுத்தெடுக்கிறார்கள். துணியில் காரமோ அமிலமோ மிஞ்சியிருக்கிறதா என்று நிறங்காட்டியை வைத்துப் பார்ப்பது அதன் தரச் சோதனைகளில் ஒன்று, ஏனென்றால் அது புண்ணின் மேல் படப்போகும் துணி. இப்படி அமிலம் நம்மைச் சுற்றி எங்கும் இருக்கிறது. கழிப்பறையில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, அதன் மேலேயே ஆசிடையும் ஊற்றினால் இன்னும் வெளுக்கும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சிறிய அறைக்குள் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் படைவீரர்கள் மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். இதைக் காணொளியில் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் புட்டியைத் திறக்கும்போது கை எவ்வளவு சாய வேண்டும், குழாயின் வாய் யார் பக்கம் திரும்பியிருக்கிறது, துளி எப்போது விழப்போகிறது என்பதைக் கை பழகித்தான் கற்றுக்கொள்ளும். ஆசிரியர் அருகில் நிற்க, நீர்த்த அமிலத்தில், சில துளிகளில் பழகுவது நல்லதா? யாரும் இல்லாத குளியலறையில் அடர் அமிலத்தோடு முதல்முறை பழகுவது நல்லதா?

இரண்டாவது மறுப்பு வேறொரு திசையிலிருந்து வருகிறது. உப்பைப் பகுக்கும் முறை பழசு. பிரெசெனியஸ் 1841-இல் எழுதிய நூலின் வழியை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்று கருவியில் வைத்தால் அத்தனை அயனியின் அளவையும் நிமிடங்களில் அச்சிட்டுத் தந்துவிடும். உண்மைதான். எந்த ஆலையிலும் இன்று தொகுதி தொகுதியாகச் சோதனைக்குழாயில் பிரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் பள்ளியில் இதை வைத்திருப்பது ஆலைக்கு ஆள் பிடிக்கவா? சான்றை எடைபோடப் பழக்குவதற்கு. நம் மாவட்டத்திலிருந்தே எடுத்துக்காட்டுகிறேன். பட்டாசில் பேரியம் உப்புகள் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021-இல் மீண்டும் வலியுறுத்தியது. பச்சை வெளிச்சத்துக்காகச் சேர்க்கப்படுவது பேரியம். சுடர்ச் சோதனையில் ஆப்பிள் பச்சை என்று நாம் எழுதுவதும் அதே அயனிக்குத்தான். அப்படியானால் சுடர் பச்சை என்றாலே பேரியம் என்று ஓர் அதிகாரி எழுதிவிடலாமா? தாமிரமும் பச்சை காட்டும், போரானும் பச்சை காட்டும். கை வியர்வையில் இருக்கும் உப்பு கம்பியில் ஒட்டினாலே சோடியத்தின் மஞ்சள் எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஆகவே அடுத்த சான்று: நீர்த்த கந்தக அமிலத்துடன், நீர்த்த அமிலங்கள் எதிலும் கரையாத வெண்ணிற வீழ்படிவு. அதற்கும் அடுத்த சான்று: பொட்டாசியம் குரோமேட்டுடன் மஞ்சள் வீழ்படிவு. ஒரு தொழிலாளியின் பிழைப்பும் ஒரு குழந்தையின் நுரையீரலும் சம்பந்தப்பட்ட இடத்தில், ஒற்றைச் சோதனையை நம்பி முடிவெழுதுகிறவரை நீங்கள் ஏற்பீர்களா? வீட்டு வாசலிலும் இதே தர்க்கம்தான். கோலப்பொடியில் எலுமிச்சைச் சாற்றை ஒரு துளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கார்பனேட் இருக்கிறது, ஏதோ சுண்ணாம்புக்கல் வகைப் பொடி. நுரைக்காவிட்டால் அது அரிசி மாவு என்று சொல்லலாமா? கூடாது. வெங்கச்சங்கல் பொடியும் நுரைக்காது. நுரைக்கவில்லை என்பது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், அந்தப் பிள்ளை நாளை மருத்துவப் பரிசோதனை அறிக்கையையும் குடிநீர் அறிக்கையையும் அப்படியேதான் படிப்பாள். கருவி எண்ணைத் தரும். அந்த எண் எதற்குச் சான்று என்பதைக் கருவி சொல்லாது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. அரசுப் பள்ளியில் புகையை வெளியேற்றும் கூண்டு இல்லை, சில இடங்களில் ஆய்வக உதவியாளர் இல்லை, ஒரு மேசைக்கு எட்டுப் பேர். இந்த நிலையில் அமிலமா? இதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் இதற்கு விடை அமிலத்தைப் பூட்டிவைப்பதில் இல்லை, அளவைக் குறைப்பதில் இருக்கிறது. ஐந்து மில்லிலிட்டர் ஊற்றிச் செய்யும் சோதனையை ஐந்து துளியில் செய்யலாம். ஒரு மில்லிலிட்டர் என்பது ஏறக்குறைய இருபது துளி. அப்படியானால் அமிலமும் புகையும் கழிவும் இருபதில் ஒரு பங்காகிவிடும். செலவும் கூடவே குறையும். ஃபிரிட்ஸ் ஃபைகல் என்ற ஆஸ்திரிய வேதியியலர் துளிச் சோதனைகளை ஒரு தனிக் கலையாகவே வளர்த்துக் காட்டினார். குழிகள் உள்ள பீங்கான் தட்டு போதும். நீர்த்த கரைசல்களுக்குக் காலி மாத்திரை அட்டையின் குழியே கூடப் போதும். பெர்ரிக் இரும்பின் மேல் பொட்டாசியம் தயோசயனேட் ஒரு துளி விழுந்து இரத்தச் சிவப்பாவதைப் பார்க்க ஒரு குழாய் நிறையக் கரைசல் எதற்கு? சில சோதனைகளை அடியோடு விட்டுவிடலாம் என்பதும் என் கருத்து. அம்மோனியத்துக்கு நெஸ்லர் கரணி வேண்டாம், அதில் பாதரசம் இருக்கிறது. காரத்துடன் சூடாக்கி, ஈரமான சிவப்பு லிட்மஸ் நீலமாவதைப் பார்த்தாலே போதும். குளோரைடுக்குக் குரோமைல் குளோரைடு சோதனை வேண்டாம். டைக்ரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, சில்வர் நைட்ரேட் இருக்கும்போது அதன் தேவையும் இல்லை. பழைய அட்டவணை முழுவதையும் காப்பாற்றுவது என் நோக்கமில்லை. கேள்வி கேட்கும் பழக்கம் பிழைத்தால் போதும்.

வசதி என்று சொன்னால் முதலில் எதைக் கேட்க வேண்டும்? ஓடும் தண்ணீர். அமிலம் தோலில் பட்டால் உடனே குழாயடியில் காட்டி, 15 முதல் 20 நிமிடம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். துணியில் பட்டிருந்தால் துணியைக் கழற்றிவிட வேண்டும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து அதே நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மஞ்சள் பூசுவது, பற்பசை பூசுவது, அமிலத்துக்கு எதிரானது காரம்தானே என்று சோடாவை அப்புவது எல்லாம் நேரத்தையும் தோலையும் வீணாக்கும். நடுநிலையாக்கல் என்பதே வெப்பம் உமிழும் வினை என்று பாடத்தில் படித்திருக்கிறோமே! தண்ணீருக்கு அடுத்தது கண்ணாடி. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அடர் அமிலப் புட்டியைத் திறக்கக் கூடாது. நைட்ரிக் அமிலம் பட்ட விரல் மஞ்சளாகிச் சில நாளில் தோல் உரிந்து ஆறிவிடும். கண்ணுக்கு அந்த வசதி கிடையாது. மூன்றாவது, பதிவேடு. அமில வீச்சு வழக்கில் 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைப் பலரும் கடைகளுக்கானது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது, அடையாள அட்டை கேட்க வேண்டும் என்பதெல்லாம் கடைகளுக்கு. அதே உத்தரவில் கல்வி நிறுவனங்களுக்கும் கட்டளை இருக்கிறது. அமிலப் பயன்பாட்டுக்குப் பதிவேடு வைத்து உரிய கோட்டாட்சியரிடம் தாக்கல் செய்ய வேண்டும்; அமிலத்தைப் பத்திரமாக வைப்பதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்; ஆய்வகத்தை விட்டு வெளியேறுகிறவர்களைச் சோதிக்க வேண்டும். காரைக்காலைச் சேர்ந்த வினோதினி அமில வீச்சுக்கு ஆளாகி, 2013 பிப்ரவரியில் உயிரிழந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. இந்த மூன்று கேள்விகளில் ‘ஏன்’ என்பதற்கு அப்படியும் ஒரு கொடிய விடை உண்டு என்பதால்தான் நீதிமன்றம் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து எழுதியது.

பெற்றோர்களே, உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்கும் அதே குரலில் இவற்றையும் கேளுங்கள்: வேதியியல் ஆய்வகக் குழாயில் தண்ணீர் வருகிறதா? பாதுகாப்புக் கண்ணாடி எத்தனை இருக்கிறது? அமில அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது, பதிவேடு எங்கே? ஆசிரியர்களே, செய்முறைத் தேர்வில் உப்பின் பெயரைச் சரியாக எழுதியவரைவிட, இந்த இடத்தில் நைட்ரிக் அமிலம் ஏன் என்று கேட்டதற்கு விடை சொன்னவருக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடுங்கள். மாணவர்களே, செய்யாத சோதனையை ரெக்கார்டில் எழுதாதீர்கள். எதிர்பார்த்த வீழ்படிவு வரவில்லை என்றால், வரவில்லை என்றே எழுதிவிட்டு ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள்.